சங்கிலி யாருக்குப் பயந்து?

ஒவ்வோர் ஆகஸ்ட் 6ஆம் தேதியும் ஏர்வாடியின் பெயர் செய்தித்தாளின் ஒரு மூலையில் வந்து போகும். 2001ஆம் ஆண்டு அந்த நாளின் விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திவந்த மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். கத்த முடிந்தது, ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

தலித் மக்களின் வாழ்வைப் பேசும் பத்தியில் ஏர்வாடி எதற்கு என்று கேட்கலாம். இறந்தவர்களின் சாதியை நாம் எண்ணப் போவதில்லை. ஆனால் எந்த வீட்டார் தம் பிள்ளையைக் கீற்றுக்கொட்டகையில் விட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள்? தனியார் மருத்துவமனைக்கு மாதா மாதம் பணம் கட்ட முடிந்தவர்கள் அல்ல. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு நோயாளியின் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வழியில்லாதவர்கள்தான் விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நம் சனம் எப்போதும் இருக்கிறது.

தீ விபத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. ஏர்வாடியில் இருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்த பலர் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்த வடிவத்திலும், எந்த முறையிலும் மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று அதன் 95ஆவது பிரிவு சொல்கிறது.

கொட்டகைகள் போய்விட்டன. சங்கிலி வீட்டுக்கு வந்துவிட்டது. நன்னிலம் வட்டாரத்தில் மனு எழுதவும் கூலிப் பிரச்சினை பேசவும் காலனி காலனியாக நடக்கும் நாம், கொல்லைப்புறக் கொட்டிலில் மாட்டுச் சங்கிலியோடு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்திருக்கிறோம். பூட்டிய அறையின் சன்னல் வழியே தட்டில் சோறு போவதையும் பார்த்திருக்கிறோம். விசாரித்தால் வீட்டார் அழுகிறார்கள். கொடுமைக்காரர்கள் அழமாட்டார்கள். இந்தக் கட்டுரை அந்த வீட்டாரைக் குற்றம் சொல்ல எழுதப்படவில்லை.

எதற்காகக் கட்டினீர்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதில், "யாரையாவது அடிச்சிடுவான்" என்பது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் இரண்டாவது பதில் வருகிறது: "ஊர்த்தெருவுக்குள்ள போயிட்டான்னா அடிச்சே கொன்னுடுவாங்க." நாம் பேச வேண்டியது இந்த இரண்டாவது பதிலைப் பற்றித்தான்.

மனநோய் முற்றிய ஒருவருக்கு எந்தத் தெருவில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த வாசலில் நிற்கக் கூடாது, யாரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்ற கணக்கெல்லாம் மறந்துபோகும். சாதி நமக்குள் சின்ன வயதிலிருந்து புகுத்திவைத்த அந்தக் கணக்கை நோய் ஒரே வாரத்தில் அழித்துவிடும். ஆனால் எதிரே நிற்பவருக்கு அது அழிவதில்லை. ஊர்த்தெருப் பையன் புத்தி பேதலித்துச் சேரிக்குள் வந்து ஏசினால், "பாவம், உடம்பு சரியில்லை" என்று நாம் கொண்டுபோய் வீட்டில் விடுவோம். சேரிப் பையன் அதே நிலையில் ஊர்த்தெருவில் நின்று ஏசினால் அது நோயாகப் பார்க்கப்படாது, திமிராகப் பார்க்கப்படும். ஒரு தாய் இதை நன்றாக அறிவாள். அவள் சங்கிலி பூட்டுவது பல நேரம் மகனுக்குப் பயந்து அல்ல, மகனை அடிக்கப் போகிறவர்களுக்குப் பயந்து.

இது வீண் பயமும் அல்ல. 2018 பிப்ரவரி 22 அன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் மது என்ற ஆதிவாசி இளைஞரைக் கடையில் உணவுப் பொருள் திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டம் காட்டுக்குள் போய்ப் பிடித்தது. மனநலம் குன்றி, குடும்பத்தை விட்டுக் காட்டோரம் தனியே வாழ்ந்தவர் அவர். கையைக் கட்டினார்கள், அடித்தார்கள், பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மனநோய் உள்ளவர்கள் மற்றவரைத் தாக்குவதைக் காட்டிலும் மற்றவரால் தாக்கப்படுவதே மிக அதிகம் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் அறிந்த செய்தி. 'சைக்கோ' என்றால் கத்தியோடு அலையும் கொலைகாரன் என்று காட்டிக் காட்டி நம் சினிமாக்காரர்கள் சம்பாதித்த பணத்துக்கு அளவில்லை. அதை இன்னொரு நாள் பேசலாம்.

சரி, இது என்ன நோய்?

மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்று சொல்வதைத் தமிழில் மனப்பிறழ்வு என்கிறோம். இது ஒரே நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் என்ற சொல்லைப் போல, பல நோய்களில் வரக்கூடிய ஒரு நிலை. அந்த நிலையில் நடப்பதும் நடக்காததும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடும். ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டார் சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள், போலீஸ் பின்னால் வருகிறது, செல்போன் வழியாகத் தன் மனதைப் படிக்கிறார்கள் என்ற எண்ணம் கல்லில் செதுக்கியதுபோல் உறுதியாகும். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாது. பேச்சு கோவையாக வராது. தூக்கம் முதலில் போகும். பிறகு குளிப்பதும் சாப்பிடுவதும் போகும். நீடித்து நிற்கும் வகையை ஸ்கீசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு என்கிறார்கள். அதீத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறிலும் இந்த நிலை வரலாம். மனச்சிதைவு என்ற பெயரே நோயாளியை நோகடிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. 'பிளந்த மனம்' என்று பொருள்பட்ட பழைய பெயரை ஜப்பானியர்கள் 2002இல் விவாதித்து மாற்றியே விட்டார்கள். நாம் இன்னும் 'லூசு', 'கிறுக்கு' என்பதைத் தாண்டவில்லை.

எல்லா மனப்பிறழ்வும் மனச்சிதைவு அல்ல என்பதைக் கிராமத்தில் உள்ளவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாத பூச்சியைப் பிடித்துப் பிடித்துப் போடுவார். உயிருக்கு ஆபத்தான நிலை அது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளைக்காய்ச்சலிலும் பிதற்றல் வரும். பிள்ளை பெற்ற இரண்டு வாரத்துக்குள் சில பெண்களுக்குத் தூக்கமே இல்லாமல், பிள்ளையைத் தன் பிள்ளையே இல்லை என்று சொல்லும் நிலை வரும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டுக்கு இப்படி வருகிறது. நம் வீடுகளில் உடனே, "தீட்டு வீட்டில் காத்து கருப்பு அண்டிடுச்சு" என்பார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இரண்டு பேருக்குமே ஆபத்தான நேரம் அது. உடனே வைத்தியம் செய்தால் முழுமையாகக் குணமாகக்கூடியதும் அதுவே. கிராம செவிலியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மனச்சிதைவு பெரும்பாலும் பதினெட்டு, இருபது, இருபத்தைந்து வயதில் தொடங்குகிறது. பெண்களுக்குக் கொஞ்சம் பின்னால். அந்த வயதை நினைத்துப் பாருங்கள். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளையின் வயது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ சென்னைக் கட்டட வேலைக்கோ போய் முதல் சம்பளம் அனுப்பும் பையனின் வயது. வகுப்புக்கு வராமல் அறையில் முடங்கிக் கிடந்தால் 'சோம்பேறி' என்பார்கள். தன்னைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள் என்று சொன்னால் 'காதல் தோல்வி' என்று சிரிப்பார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நாம் சொல்வது இது: உங்கள் அறைத் தோழன் பல நாளாகத் தூங்கவில்லை, தனக்குத்தானே பதில் சொல்கிறான், சாப்பாட்டைச் சந்தேகப்படுகிறான் என்றால் கேலி செய்வதற்கு முன் விடுதிக் காப்பாளரிடம் சொல்லுங்கள். தொடங்கிய சில வாரங்களில் வைத்தியத்துக்குப் போனவரும் ஐந்து வருடம் கழித்துப் போனவரும் ஒரே அளவுக்குத் தேறுவதில்லை.

ஏன் வருகிறது? ஒற்றைக் காரணம் கிடையாது. பரம்பரையில் ஒரு பங்கு இருக்கிறது. கருவிலும் பிரசவத்திலும் நேர்ந்த பாதிப்புக்கு ஒரு பங்கு. இள வயதில் கஞ்சாப் பழக்கம் ஆபத்தைக் கூட்டுகிறது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. எது கவனிக்க வேண்டிய செய்தி, எது தள்ள வேண்டிய செய்தி என்று பிரிப்பதில் அதற்குப் பங்குண்டு; நெல்லையும் பதரையும் பிரிக்கும் முறம் மாதிரி. அதன் இயக்கம் மிகையானால் எல்லாமே நெல்லாகத் தெரியும். எதிர்வீட்டுக்காரர் இருமினால் அது தனக்கான சமிக்ஞை. பேருந்து ஹாரன் அடித்தால் அது தன்னைக் கூப்பிடும் அழைப்பு.

இதோடு சமூகமும் சேர்ந்துகொள்கிறது. இங்கிலாந்தில் குடியேறிய கரீபியக் கறுப்பின மக்களிடையே மனப்பிறழ்வு அங்குள்ள வெள்ளையர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டின. இது இனத்தின் குணமோ என்று பார்க்க ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் தீவுகளுக்கே போய் எண்ணினார்கள். அங்கே அந்த அளவுக்கு இல்லை. கடல் தாண்டிப் போய், தினம் தினம் இழிவையும் ஒதுக்கலையும் சந்தித்து வாழ்ந்த இடத்தில்தான் கூடியிருந்தது. இதை அப்படியே சாதிக்குப் பொருத்தி 'சாதிதான் பைத்தியமாக்குகிறது' என்று எழுதிவிட நமக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி எழுத முடியாது. நிலவுடைமைச் சாதி வீடுகளிலும் இந்த நோய் இருக்கிறது. ஆனால் அவமானத்தைச் சுமந்து வாழ்வதும் உடம்புக்குள் போய் வேலை செய்யும் என்பதை அந்தத் தீவுகளின் கணக்கு சொல்கிறது.

இன்னொரு ஆய்வும் சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியா, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களில் குரல் கேட்கும் நோயாளிகளிடம் தலா 20 பேரைப் பேட்டி கண்டார் தான்யா லூர்மன் என்ற மானுடவியலாளர். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் வெட்டு, குத்து என்ற வன்முறைக் குரல்கள். சென்னையில் பலருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். வீட்டு வேலையைச் செய், குளி என்று அதட்டும் குரல். நோய் மூளையில் வந்தாலும் அது பேசுவது அவரவர் வாழ்ந்த வீட்டின் மொழியில்தான்.

அதனால்தான் நம் சனங்களுக்கு இது நோயாகத் தெரியாமல் செத்த பாட்டியின் குரலாகவும், செய்வினையாகவும் தெரிகிறது. முதலில் மந்திரிப்பார்கள். தாயத்து கட்டுவார்கள். பிறகு குணசீலம், ஏர்வாடி, நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரு சுற்று. எந்த மதம் என்று பார்ப்பதில்லை. எங்கே குணமானதாகச் சொன்னாலும் போவார்கள். பகுத்தறிவு பேசும் நம் தோழர்கள் இதைக் கேட்டதும் கொதிப்பார்கள். நாம் அவ்வளவு அவசரப்பட வேண்டியதில்லை. திண்டுக்கல் பக்கத்தில் முத்துசாமி கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 பேரை மனநல மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து இல்லை, அடி உதை இல்லை, சங்கிலி இல்லை. உடன் ஓர் உறவினர், கோயில் வேலைகளில் பங்கு, கேலி செய்யாத மனிதர்கள். நோயின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. வெறும் மரியாதைக்கே இவ்வளவு பலன் இருக்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே இப்போது அரசின் மனநல மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சாமியையும் கும்பிடு, மாத்திரையையும் போடு என்ற ஏற்பாடு அது. நமக்கு அதில் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால் சாட்டையில். பேயோட்டுவதாகச் சொல்லி வேப்பங்குழையாலும் சாட்டையாலும் அடிக்கிறார்களே, அங்கே. கண்ணில் மிளகாய்ப் புகை போடுகிறார்களே, அங்கே. இந்தத் தஞ்சை மண்ணில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தது. 1940களில் பி. சீனிவாசராவோடு சேர்ந்து நம் பாட்டன் பூட்டிகள் கொடி பிடித்து அதை நிறுத்தினார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிராசுதார் கையிலிருந்து பிடுங்கிப் போட்ட சவுக்கை, பூசாரி கையில் கொடுத்து நம் பிள்ளையை அடிக்கச் சொல்வதா? அந்தப் போராட்டத்தின் பேரப்பிள்ளைகள் இதற்கு ஒப்புக்கொள்ளலாமா?

மருந்துக்கு வருவோம். 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, பல ஆண்டுகள் கத்திக்கொண்டும் கட்டப்பட்டும் கிடந்தவர்கள் எழுந்து பேசினார்கள். அதன் பிறகு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் என்று பல வந்துவிட்டன. இவை மிகையான டோபமினைக் கட்டுப்படுத்துகின்றன. தூக்கமும் படபடப்பும் சில நாளில் சரியாகும். குரலும் சந்தேகமும் அடங்கச் சில வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே "ஒன்றும் கேட்கவில்லையே" என்று மருத்துவரை மாற்றுவது வீண் செலவு. வேறு மருந்துக்கு அசையாத நோய்க்குக் குளோசபின் இருக்கிறது. அதற்கு இரத்தப் பரிசோதனை தொடர்ந்து செய்ய வேண்டும். தினமும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை போடும் ஊசியும் உண்டு. மனச்சிதைவு வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது முழுமையாகத் தேறுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோரும் மருந்தோடு வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்த முடியும்.

பக்கவிளைவும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதால்தான் மக்கள் மாத்திரையை நம்பாமல் போகிறார்கள். உடம்பு விறைக்கும், கை நடுங்கும், எச்சில் ஒழுகும், எடை கூடும், சர்க்கரை ஏறும், சில மருந்தில் மாதவிடாய் நிற்கும். நாற்று நடும் கைக்கு விறைப்பு என்றால் என்ன என்று மருத்துவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு நடவு ஆட்களோடு வண்டி ஏற வேண்டியவருக்கு, தூக்கக் கிறக்கம் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். மாத்திரையை விட்டுவிடாமல் மருத்துவரிடம் போய் அளவைக் குறைக்கவோ, நேரத்தை மாற்றவோ, வேறு மருந்து தரவோ கேட்க வேண்டும். விறைப்புக்குத் தனியே மாத்திரை இருக்கிறது. கேட்டால் கிடைக்கும்.

நம் பக்கத்தில் நோய் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது. முதல் தடவை வந்து குணமானாலும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவர்கள் இன்னும் நீண்ட காலம். ஏன் நிறுத்துகிறார்கள்? "படிக்காத சனம், விழிப்புணர்வு இல்லை" என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். விழிப்புணர்வு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குச் சலிப்பு வருகிறது. கணக்கைப் பாருங்கள். நன்னிலத்துக்கு உள்ளடங்கிய ஒரு காலனியிலிருந்து திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக, காலையில் முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கித் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். நோயாளியின் ஒரு நாள், துணைக்குப் போனவரின் ஒரு நாள், ஆக இரண்டு கூலி. மாத்திரை இலவசம்தான், அந்த நாள் இலவசம் இல்லை. குறுவை நடவு நேரத்தில், அறுவடை நேரத்தில் அந்த இரண்டு கூலியை விட்டுக்கொடுக்க யாரால் முடியும்? ஒரு மாதம் தவறும். ஆளும் நன்றாக இருப்பார். "குணமாயிடுச்சே" என்று அடுத்த மாதமும் தவறும். மூன்றாம் மாதம் குரல் திரும்ப வரும். சங்கிலியும் வரும்.

2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனப்பிறழ்வு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகத் தெரிந்தது. மாவட்ட மனநலத் திட்டம் தேசிய அளவில் 1996இல் தொடங்கி, ஆரம்பத்திலேயே நம் பக்கத்துத் திருச்சிக்கு வந்தது. அதன்படி மனநல மருத்துவர் குழு வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறித்த நாளில் வர வேண்டும். வருகிற நாள் எது என்று ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரேஷன் கடையில் பாமாயில் வந்தால் அரை மணி நேரத்தில் தெரு முழுக்கச் செய்தி பரவுகிறது. மனநல மருத்துவர் வரும் தேதியையும் அதே ரேஷன் கடைச் சுவரில் எழுதிப் போடலாம்.

ஆனால் அது போதாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பெண் பணியாளர்கள் வீடு தேடி வந்து மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம், நம் காலனிகளில் வயதானவர்களுக்கு அது எவ்வளவு உதவி என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பையிலேயே மனநோய் மாத்திரையும் ஒவ்வொரு காலனிக்கும் வர வேண்டும் என்பதே நம் கோரிக்கை. மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்ற நிலையில் உள்ளவர், மாதா மாதம் கூலியை இழக்க வேண்டியதில்லை. மாத ஊசியை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே போடலாம். இது வெறும் ஆசையும் அல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்திலும், கோவாவிலும், மகாராஷ்டிரத்தின் சாத்தாராவிலும் மனச்சிதைவு உள்ளவர்களின் வீட்டுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களை ஒரு வருடம் அனுப்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி வைத்தியத்தை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு நோய்க்குறியும் முடக்கமும் கொஞ்சம் கூடுதலாகவே குறைந்தன. 2014இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில்தான் ஒருவர் கொட்டிலிலிருந்து திண்ணைக்கு வருகிறார்.

இதைத் தயவாகக் கேட்க வேண்டியதில்லை. 2017 சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் சாதி என்ற சொல் வெளிப்படையாகவே இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்பவருக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், சிகிச்சை முழுக்க இலவசம். கவனிப்பாரில்லாமல் திரிபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று 100ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டில் கட்டிப்போட்டதற்காகத் தாய்மேல் வழக்குப் போடுவதில் வேகம் காட்டும் அதிகாரி யாராவது வந்தால், முதலில் இந்த 18ஆவது பிரிவை நிறைவேற்றிவிட்டீர்களா என்று கேளுங்கள்.

சட்டத்தின் 3ஆவது பிரிவையும் படித்துவைக்க வேண்டும். ஒருவரின் சமூக நிலையையோ, ஊர் வழக்கத்துக்கும் அரசியலுக்கும் அவர் ஒத்துப்போகாததையோ வைத்து மனநோயாளி என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது அது. கூலி கேட்டவரையும் சுடுகாட்டுப் பாதை கேட்டவரையும் 'அவன் ஒரு மாதிரி' என்று ஒதுக்கிய அனுபவம் நமக்கு உண்டு. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். புருஷன் வீட்டார் 'பைத்தியம்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் தாலியும் போகும், வீட்டுமனைப் பட்டாவில் பெயரும் போகும். பட்டியல் சாதியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. நாட்பட்ட நோயால் முடக்கம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்று மருத்துவர் சான்றளித்தால் அடையாள அட்டை கிடைக்கும். அட்டை இருந்தால் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சாதாரண நகரப் பேருந்தில் அவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணம் இல்லை. "அட்டை வாங்கினா தங்கச்சி கல்யாணம் நின்னுடும்" என்று தயங்கும் வீடுகள் நிறைய. அந்தத் தயக்கத்தை நாம் வெளியிலிருந்து கேலி செய்ய முடியாது. அட்டையை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்ட வேண்டியதில்லை என்று மட்டும் சொல்லலாம்.

நோயாளியோடு எப்படிப் பேசுவது என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். "குரல் எல்லாம் பொய், உன் நெனப்பு" என்று வாதாட வேண்டாம். அவருக்கு அது நிஜமாகவே கேட்கிறது. "எனக்குக் கேக்கலப்பா, உனக்குக் கேக்குது, அது உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொன்னால் போதும். நாள் முழுக்கக் குத்திக்காட்டும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பதை 1960களிலிருந்தே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆடு மேய்ப்பதோ, வேலி கட்டுவதோ, சின்ன வேலை ஒன்றைக் கையில் கொடுங்கள். முடிகிற அளவுக்குச் செய்யட்டும். மாத்திரைச் சீட்டை ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள். ஆள் கொந்தளிப்பாக இருக்கும் இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலச் சேவை, தமிழிலேயே பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

ஏர்வாடி நாள் கழிந்து ஒன்பதாம் நாள் ஆகஸ்ட் 15, கிராம சபை. நன்னிலம், குடவாசல், வலங்கைமான் வட்டங்களில் உள்ள நம் தோழர்களும் மாணவர்களும் அன்று ஒரு தீர்மானத்தை எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு வரி போதும். மனநல மருத்துவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் தேதியை ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் எழுதிப் போட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தின் மாத்திரைப் பையில் மனநோய் மாத்திரையும் எங்கள் காலனிக்கு வர வேண்டும். எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று சபையில் பெயர் சொல்லக் கூடாது. தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்து, நகல் வாங்கி, அடுத்து வரும் திங்கட்கிழமை திருவாரூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.